டிவியில் வந்தவர் மளிகைக் கடையில் நிற்பது ஏன்? அமெரிக்க நடிகர்களின் ‘ரெசிடுவல்’ கணக்கு

2018 ஆகஸ்ட் மாத இறுதியில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள கிளிஃப்டன் என்னும் ஊரில், டிரேடர் ஜோஸ் மளிகைக் கடையில் பொருள்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவரை அங்கு வந்த வாடிக்கையாளர் அடையாளம் கண்டு படமெடுத்தார். அந்த ஊழியர் ஜெஃப்ரி ஓவன்ஸ். 1980-களில் அமெரிக்க வீடுகளில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட ‘தி காஸ்பி ஷோ’ தொடரில் மூத்த மருமகன் எல்வினாக நடித்தவர். படம் டெய்லி மெயில், ஃபாக்ஸ் நியூஸ் ஆகிய செய்தி நிறுவனங்களின் தளங்களில், அன்று திரையில் மின்னியவர் இன்று கடையில் நிற்கிறார் என்ற தொனியில் வெளியானது. உழைத்துச் சாப்பிடுபவரை இழிவுபடுத்துவதா என்ற கண்டனமும் உடனே எழுந்தது.

ஏளனம் செய்தவர்களுக்கும் பரிதாபப்பட்டவர்களுக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருந்தது: “அத்தனை பெரிய தொடரில் நடித்தவருக்கு ஆயுள் முழுவதும் ராயல்டி வருமே, அந்தப் பணமெல்லாம் எங்கே போயிற்று?” அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசும் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். கேள்விக்குள்ளேயே பிழை இருக்கிறது. ஓவன்ஸுக்கு வந்தது ராயல்டி அல்ல, ரெசிடுவல். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்தால் அவர் அந்தக் கடையில் நின்றதும் புரிந்துவிடும்.

வீட்டுக்காரரும் கொத்தனாரும்

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் பணம் போட்டுக் கட்டுகிறார், கொத்தனார் கூலி வாங்கிக்கொண்டு சுவர் எழுப்புகிறார். வீடு முடிந்ததும் கொத்தனாருக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்காரருக்கு மாதந்தோறும் வாடகை வருகிறது, வாடகை ஏறினால் அவர் வருமானமும் ஏறுகிறது. ராயல்டி என்பது ஏறக்குறைய இந்த வாடகையைப் போன்றது. அதாவது, ஒரு படைப்பின் உரிமையை வைத்திருப்பவருக்கு, அந்தப் படைப்பு பயன்படும்போதெல்லாம் உரிமையின் பெயரால் வரும் தொகை.

தொலைக்காட்சி நடிகர் அடிப்படையில் கொத்தனார்தான். தொடரின் உரிமை தயாரிப்பு நிறுவனத்துக்குச் சொந்தம், நடிகருக்குக் கிடைப்பது கூலி. ஆனால் அமெரிக்க நடிகர்களின் தொழிற்சங்கம் பல ஆண்டுகள் போராடி ஒரு விசித்திரமான ஏற்பாட்டைப் பெற்றிருக்கிறது: வீடு ஒவ்வொரு முறை வாடகைக்கு விடப்படும்போதும், அதைக் கட்டிய கொத்தனாருக்கும் ஒரு சிறு தொகை போய்ச் சேர வேண்டும். இப்படி, ஏற்கெனவே நடித்து முடித்த ஒரு வேலை மறுபடி ஒளிபரப்பாகும்போதோ வேறு ஊடகத்துக்கு விற்கப்படும்போதோ, தொழிற்சங்க ஒப்பந்தத்தின்படி நடிகருக்குத் தர வேண்டிய கூடுதல் ஊதியத்துக்குப் பெயர்தான் ரெசிடுவல். இது உரிமையிலிருந்து வருவதில்லை, ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. எனவே எவ்வளவு, எத்தனை முறை, எதுவரை என்பதையெல்லாம் அந்தந்தக் காலத்து ஒப்பந்தமே முடிவு செய்கிறது.

மறுஒளிபரப்பு என்ற பொருள் எப்படி விற்பனைக்கு வந்தது

தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளில் இந்தச் சிக்கலே பெரிதாக இல்லை, ஏனென்றால் மறுபடி ஒளிபரப்பத் தகுந்த தரத்தில் எதுவும் மிஞ்சவில்லை. நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. நேர வேறுபாடு காரணமாக மேற்குக் கரை ஊர்களுக்குப் பின்னர் அனுப்புவதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் டிவித் திரையையே ஒரு கேமராவால் படமெடுத்து வைத்தார்கள். கினெஸ்கோப் எனப்பட்ட அந்தப் பிரதி மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் இருந்தது.

1951-ல் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்காக ‘ஐ லவ் லூசி’ தொடரைத் தொடங்கிய லூசில் பால், அவருடைய கணவர் டெசி அர்னாஸ் ஆகிய இருவரும் ஹாலிவுட்டை விட்டு நியூயார்க்கிற்குப் போக விரும்பவில்லை. திரைப்படங்களைப் போலவே 35 மி.மீ. படச்சுருளில் எடுத்து அனுப்புகிறோம் என்றார்கள். செலவு கூடும் என்று நிறுவனம் தயங்கியபோது, தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக எபிசோட்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். ஒருமுறை காட்டிய நிகழ்ச்சியை யார் மறுபடி பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்த காலம் அது, ஆகவே உரிமை எளிதாகவே கைமாறியது. 1957-ல் அதே எபிசோட்களை சிபிஎஸ் பல லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதே ஆண்டில் தம்பதியின் டெசிலு நிறுவனம் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவையே விலைக்கு வாங்கியது.

அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர்களில் பெரும் செல்வம் சேர்த்தவர்களின் கதையை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ‘லூசி’ வழிதான் தென்படும், அதாவது நடிகர் என்ற நிலையிலிருந்து உரிமையாளர் என்ற நிலைக்கு நகர்வது. அந்த வழியில் போனவர்கள் மிகச் சிலரே. லூசில் பாலும் நடிகைதான், மற்றவர்களும் நடிகர்கள்தான் என்று ஒரே தட்டில் வைத்துப் பேசும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ராயல்டி உரிமையாளருக்கு உரியது, ரெசிடுவல் உழைத்தவருக்கு ஒப்பந்தம் பெற்றுத் தருவது. படச்சுருளில் பதிவானதால்தான் இரண்டுமே சாத்தியமாயின.

நூறு எபிசோட் என்ற மந்திர எண்

ஒரு தொடரை முதலில் ஒளிபரப்புவது என்பிசி, சிபிஎஸ் போன்ற தேசிய அலைவரிசை. அங்கே அதன் ஓட்டம் ஓரளவு ஆனபின், தொடரை ஊர் ஊராக உள்ள உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்பார்கள். இந்த விற்பனைக்கு சிண்டிகேஷன் என்று பெயர்.

பழைய வாடகை நூல் நிலையங்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் தர்க்கம் எளிதில் பிடிபடும். அலமாரியில் பத்துப் புத்தகம் மட்டும் இருந்தால் தெருக்காரர்கள் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டு வராமல் போவார்கள். கடை ஓட வேண்டுமானால் அலமாரி நிறைந்திருக்க வேண்டும். உள்ளூர் நிலையங்கள் மறுஒளிபரப்பை வாரத்துக்கு ஒன்றாக அல்ல, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்றாகப் போடுகின்றன. நூறு எபிசோட் இருந்தால் இருபது வாரங்களுக்கு ஒன்றுகூடத் திரும்ப வராது. ஒரு பருவத்துக்கு இருபத்திரண்டு, இருபத்து நான்கு எபிசோட் என்று எடுத்த காலத்தில், நூறைத் தொட ஒரு தொடர் ஐந்தாம் பருவம் வரை உயிரோடு இருக்க வேண்டும். எழுபத்தொன்பது எபிசோட் மட்டுமே இருந்த பழைய ‘ஸ்டார் டிரெக்’ சிண்டிகேஷனில்தான் பெரும் புகழ் பெற்றது என்பதால் இதை இரும்பு விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் நூறை நெருங்காத தொடர்களுக்கு வாங்குவோர் கிடைப்பது அரிது.

ஆகவே, டிவியில் வந்த நடிகர்களில் மிகப் பெரும்பாலானோரின் தொடர்கள் இந்த வாசலைத் தாண்டுவதே இல்லை. தாண்டியவற்றிலும் ஒவ்வொரு எபிசோடிலும் இருந்தவர் யார், இரண்டு எபிசோடுக்கு விருந்தாளிப் பாத்திரமாக வந்தவர் யார் என்பதைப் பொறுத்தே பணம் வருகிறது, ஏனென்றால் நடிகருக்குத் தாம் நடித்த எபிசோடுக்கு மட்டுமே ரெசிடுவல் உண்டு.

கரும்பு பிழிவது போல ஒரு கணக்கு

இனி, எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருகிறோம். சாலையோரக் கரும்புச்சாற்றுக் கடையில் கரும்பை எந்திரத்தில் முதல் முறை விடும்போது சாறு கொட்டுகிறது. மடித்து இரண்டாம் முறை விட்டால் பாதி வருகிறது. நான்காம் முறை சக்கையிலிருந்து சில சொட்டுகள்தான். ரெசிடுவலின் அமைப்பும் அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு எபிசோடின் இரண்டாம் ஒளிபரப்புக்கு ஓரளவு நல்ல தொகை, மூன்றாவதற்குக் குறைவு, அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இன்னும் குறைவு என்று இறங்கி, கடைசியில் ஒரு மிகச் சிறிய சதவீதத்தில் நிலைத்துவிடுகிறது. புகழ் பெற்ற தொடர் என்பது திரும்பத் திரும்ப ஒளிபரப்பான தொடர். அதாவது, பலமுறை பிழியப்பட்ட கரும்பு.

சதவீதம் என்றதும் எதில் சதவீதம் என்று கேட்க வேண்டும். சிண்டிகேஷனில் அது நடிகர் உண்மையில் வாங்கிய சம்பளத்தில் கணக்கிடப்படுவதில்லை. எந்த நடிகருக்கும் இதற்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று தொழிற்சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தில் கணக்கிடப்படுகிறது. அந்தத் தொகையைத் தொழிலில் ‘ஸ்கேல்’ என்பார்கள். வெறும் கற்பனைக் கணக்காக ஒன்று போட்டுப் பார்ப்போம்: ஒரு நடிகர் எபிசோடுக்கு 20,000 டாலர் வாங்கினார், ஆனால் ஸ்கேல் 1,000 டாலர்தான் என்றால், நாற்பது சதவீதச் சுற்றில் அவருக்கு வருவது 8,000 அல்ல, 400. ஐந்து சதவீதச் சுற்றில் 50. அதிலும் வரியும், ஏஜெண்டின் பங்கு பிடிக்கப்படும் இனங்களில் அதுவும் போகும்.

சுற்று என்ற சொல்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நூறு நகரங்களின் நிலையங்கள் தத்தம் நேரத்தில் ஒரு எபிசோடை ஒருமுறை ஒளிபரப்பினால், அது நூறு சுற்று ஆகாது, எல்லாம் சேர்ந்து ஒரே சுற்று. கேபிள் அலைவரிசைக்கு விற்கும்போது கணக்கே வேறு: விநியோக நிறுவனத்துக்குக் கிடைத்த தொகையில் ஒரு சிறு சதவீதத்தை அந்த எபிசோடில் நடித்த அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். “எந்நேரமும் ஏதோ ஒரு சேனலில் அவர் வருகிறாரே” என்று நாம் வியப்பதற்கும் அவர் வீட்டுக்கு வரும் காசோலைக்கும் தொடர்பு மெலிந்துபோவது இப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டூடியோ சிட்டி பகுதியில் ‘ரெசிடுவல்ஸ்’ என்றே பெயர் வைத்த ஒரு மதுக்கடை இருந்தது. ஒரு டாலருக்கும் குறைவான ரெசிடுவல் காசோலையைக் கொண்டுவரும் நடிகருக்கு அங்கே ஒரு குவளை இலவசம். அப்படி ஒரு சலுகையை அறிவிக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு அத்தகைய காசோலைகள் ஊரில் புழங்கின.

இந்தச் சொட்டுகளும்கூட எல்லாத் தலைமுறைக்கும் கிடைத்ததில்லை. ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்ட் என்ற நடிகர் சங்கம் தொலைக்காட்சி மறுஒளிபரப்புக்கான ரெசிடுவலை முதன்முதலில் பெற்றது 1952-ல். அப்போதும் முதல் சில மறுஒளிபரப்புகளுக்கு மட்டுமே தருவோம் என்ற வரம்பு இருந்தது. அந்த வரம்பு நீங்கி, ஒளிபரப்பாகும் காலமெல்லாம் தர வேண்டும் என்றானது 1974-ன் ஒப்பந்தத்தில். 1964 முதல் 1967 வரை ஓடிய ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. தொண்ணூற்றெட்டு எபிசோட் கொண்ட அந்தத் தொடர் பல பத்தாண்டுகள் மாலைதோறும் அமெரிக்கக் குழந்தைகள் முன் ஓடிக்கொண்டிருந்தது. நடிகர்களுக்கான தொகையோ முதல் சில சுற்றுகளோடு நின்றுபோயிருந்தது.

சுருக்கமாக, ரெசிடுவல் கணக்கில் மூன்று இறக்கங்கள் உள்ளன: அது உண்மைச் சம்பளத்தில் அல்லாமல் ஸ்கேலில் தொடங்குகிறது, சுற்றுக்குச் சுற்று குறைகிறது, ஒப்பந்தம் கையெழுத்தான காலத்தோடு கட்டுண்டு கிடக்கிறது.

‘ஃபிரெண்ட்ஸ்’ நடிகர்களின் பணம் வேறு

அப்படியானால் ‘ஃபிரெண்ட்ஸ்’ நடிகர்கள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் பெறுவதாகச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். அது ரெசிடுவல் மட்டுமல்ல. தொடரை விற்று வரும் இலாபத்தில் இத்தனை பங்கு எனக்கு என்று தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்வது இலாபப் பங்கு எனப்படும். வீட்டு உதாரணத்தில், கொத்தனார் பேரம் பேசி வீட்டிலேயே ஒரு அறையைத் தன் பெயருக்கு எழுதி வாங்குவதற்குச் சமம்.

1994-ல் தொடங்கிய ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரின் ஆறு முதன்மை நடிகர்களும் தனித்தனியே பேரம் பேச மறுத்து, ஆறு பேருக்கும் ஒரே சம்பளம் என்று கூட்டாக நின்றார்கள். கடைசி இரு பருவங்களில் எபிசோடுக்குத் தலா 10 லட்சம் டாலர் பெற்றார்கள். மறுஒளிபரப்பு இலாபத்திலும் பங்கு வாங்கினார்கள். பரவலாகப் பேசப்படும் பெருந்தொகைகளின் ஊற்று அந்தப் பங்குதான்.

‘சைன்ஃபெல்ட்’ தொடரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதை உருவாக்கிய ஜெர்ரி சைன்ஃபெல்டும் லாரி டேவிட்டும் சிண்டிகேஷன் விற்பனையால் பெருஞ்செல்வர்களானார்கள். அதே தொடரில் முதன்மைப் பாத்திரங்களில் நடித்த ஜேசன் அலெக்சாண்டர், ஜூலியா லூயி டிரைஃபஸ், மைக்கேல் ரிச்சர்ட்ஸ் மூவருக்கும் இலாபப் பங்கு கிடைக்கவில்லை. 1997-ல் கடைசிப் பருவத்துக்கு எபிசோடுக்கு 6 லட்சம் டாலர் என்று சம்பளத்தை உயர்த்திப் பெற்றார்கள், மறுஒளிபரப்பிலோ வழக்கமான ரெசிடுவலோடு நிற்க வேண்டியிருந்தது. ஒரே சோபாவில் உட்கார்ந்து நடித்தவர்கள்தான், பார்வையாளருக்கு நால்வரும் ஒன்றுபோலப் பழகிய முகங்கள். கணக்குப் புத்தகத்தில் ஒருவர் வீட்டுக்காரர், மூவர் கூலிக்காரர்.

ஓடிடி வந்தபின் என்ன ஆயிற்று

ஓடிடி தளங்களில் சுற்று என்ற கருத்தே பொருளிழந்துவிட்டது, ஏனெனில் அங்கே எபிசோட் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. எனவே அத்தளங்களுக்காக எடுக்கப்பட்ட தொடர்களில், தளத்தின் சந்தாதாரர் எண்ணிக்கையையும் எத்தனையாவது ஆண்டு என்பதையும் வைத்து நிலையான தொகை ஒன்று கணக்கிடப்பட்டது. தொடரைக் கோடிப் பேர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் நடிகருக்கு வித்தியாசமில்லை. உலகெங்கும் பேசப்பட்ட ‘ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்’ தொடரில் நடித்த கிமிகோ கிளென், தமக்கு வந்த வெளிநாட்டுத் தொகை 27 டாலர் 30 சென்ட் என்ற தாளைக் காணொளியில் காட்டினார். 2023-ல் நடிகர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது அந்தக் காணொளி மறுபடி பரவியது.

118 நாள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தின் முடிவில், ஒரு தொடரை அத்தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு இணையான அளவினர் முதல் 90 நாளில் பார்த்தால் கூடுதல் தொகை தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அந்த எல்லையை எட்டும் தொடர்கள் சிலவே. ஆயினும் ஓடிடியில் பார்வையாளர் எண்ணிக்கைக்கும் நடிகர் ஊதியத்துக்கும் முடிச்சுப் போடப்பட்டது அதுவே முதல்முறை என்பதால் சங்கம் அதைப் பெரிதாகக் கருதியது.

ரெசிடுவலுக்கு இன்னொரு முக்கியமான பயனும் உண்டு. நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டில் சேர ஆண்டுக்கு இவ்வளவு சம்பாதித்திருக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. 2023-ல் அது 26,470 டாலர். சங்கத்தின் ஏறக்குறைய 1,60,000 உறுப்பினர்களில் பெரும்பாலானோர் அதை எட்டுவதில்லை. புதிய வேலை கிடைக்காத ஆண்டில், பழைய வேலையின் ரெசிடுவலும் இந்தக் கணக்கில் சேர்கிறது. அமெரிக்காவில் அனைவருக்குமான அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது என்பதை நினைவில் கொண்டால், சில நூறு டாலர் கூடுதலாக வந்ததா இல்லையா என்பது ஒரு குடும்பத்துக்கு எத்தனை பெரிய செய்தி என்று விளங்கும்.

மறுபடியும் ஓவன்ஸ்

1961-ல் பிறந்த ஜெஃப்ரி ஓவன்ஸ், புரூக்ளின் பகுதியிலிருந்து 1983 முதல் 2007 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த மேஜர் ஓவன்ஸின் மகன். யேல் பல்கலைக்கழகப் பட்டதாரி. ‘தி காஸ்பி ஷோ’ 1984-ல் தொடங்கியது. ஓவன்ஸ் 1985-ல், மூத்த மகளின் காதலனாக இடையிடையே வரும் பாத்திரத்தில் நுழைந்தார். தொடர் முடிந்த 1992 வரை இருந்தார். அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் செய்தவை: நாடக மேடை, ஷேக்ஸ்பியர் நாடக இயக்கம், நடிப்பு வகுப்புகள், தொலைக்காட்சித் தொடர்களில் ஓரிரு எபிசோட் பாத்திரங்கள். தொழிலை விட்டு அவர் விலகவே இல்லை. முகம் தெரிந்த நடிகர் ஒருவரின் சராசரி வாழ்க்கை இதுதான்.

மேலே பார்த்த கணக்கை அவருக்குப் பொருத்திப் பார்க்கலாம். தொடர் நூறு எபிசோட் வாசலைத் தாண்டியது, ஒப்பந்தமும் 1974-க்குப் பிந்தியது. ஆகவே காசோலை வந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் உரிமையாளர் அல்லர், எல்லா எபிசோடிலும் இருந்தவரும் அல்லர், சுற்றுகளோ எப்போதோ கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டிருந்தன. பிறகு அந்தச் சொட்டும் வற்றத் தொடங்கியது. தொடரின் நாயகன் பில் காஸ்பி மீது பாலியல் குற்றச்சாட்டுகள் குவிந்ததும் 2014 நவம்பரில் டிவி லேண்ட் அலைவரிசை மறுஒளிபரப்பை நிறுத்தியது. 2018 ஏப்ரலில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றபோது பவுன்ஸ் டிவியும் நிறுத்தியது. அத்தீர்ப்பைப் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2021-ல் நீக்கியது வேறு கதை. ஒருவர் மீதான குற்றச்சாட்டுக்காகத் தொடர் அலமாரியில் பூட்டப்படும்போது, அந்தக் குற்றச்சாட்டோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத மற்ற நடிகர்களின் ரெசிடுவலும் சேர்ந்தே பூட்டப்படுகிறது. தம் வருமானம் இதனால் குறைந்ததை ஓவன்ஸ் பேட்டிகளில் ஒப்புக்கொண்டார்.

டிரேடர் ஜோஸ் வேலையில் அவர் இருந்தது பதினைந்து மாதம். நடிப்புத் தேர்வுக்கு அழைப்பு வந்தால் போய்வர வசதியாக நேரம் மாற்றிக்கொள்ள முடிந்த வேலை என்பதால் அதை எடுத்தார். படம் வெளியாகிச் சில நாள்களில், 2018 செப்டம்பர் 4 அன்று ‘குட் மார்னிங் அமெரிக்கா’ நிகழ்ச்சிக்கு வந்தபோது, கடையின் பெயர்ப்பட்டையை அணிந்தபடியே வந்து உட்கார்ந்தார். ஒரு வேலை இன்னொன்றைவிடக் கூடுதலாகச் சம்பளம் தரலாம், ஆனால் அதனால் உயர்ந்ததாகிவிடாது என்று பேசினார். இந்தப் பரபரப்பால் தமக்கு யாரும் வேடம் கொடுக்க வேண்டாம், தேர்வுக்கு அழைத்தால் போதும் என்றும் சொன்னார். இயக்குநர் டைலர் பெர்ரி தம் ‘தி ஹாவ்ஸ் அண்ட் த ஹாவ் நாட்ஸ்’ தொடருக்கு அழைத்தபோது போய் நடித்தார். பாடகி நிக்கி மினாஜ் அவருக்கென்று 25,000 டாலர் அனுப்பினார். அந்தத் தொகையை அவர் வைத்துக்கொள்ளவில்லை. வாய்ப்பு நின்றுபோன கலைஞர்களுக்கு 1882 முதல் உதவிவரும், அப்போது ஆக்டர்ஸ் ஃபண்ட் எனப்பட்ட அறக்கட்டளைக்கு அப்படியே கொடுத்துவிட்டார்.